ஆண்டிஸ் மலையின் குரல்



ஒரு வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு மற்றொரு வானொலி நிலையத்தின் வரலாற்றைப் பேசுவது, நம் வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த தெருவிலுள்ள வீட்டின் கதையைச் சொல்வது போன்றதுதான். நான் சொல்லப்போகும் வீடோ அடுத்த தெருவில் இல்லை; உலகின் மறுபுறத்தில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தலைநகராகிய குயிட்டோவில், 1931ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ நற்செய்தி வானொலி நிலையமே அது. அதன் அழைப்புக்குறி எச்.சி.ஜே.பி. அவ்வூர் மக்கள் ஸ்பானிய மொழியில் அதற்கு இட்டு வழங்கும் பெயர் 'ஆண்டிஸ் மலையின் குரல்' என்று பொருள்படும்.

அந்நிலையத்தாரின் சமயக் கொள்கையை எடுத்துரைப்பதோ ஆராய்வதோ என் நோக்கமன்று. ஒலிபரப்புப் பொறியாளனாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஒரு வானொலி நிலையம் யாருக்காக நிற்கிறது என்ற கேள்வி என்னை நெடுங்காலம் விடாமல் தொடர்ந்தது. அதற்கு விடை காண எனக்கு உதவியது இந்த நிலையத்தின் வரலாறு. ஆகவே அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குயிட்டோவின் பெயரை நான் முதன்முதலில் காதால் கேட்டது 1974ஆம் ஆண்டில். விடியற்காலையில் எழுந்து, பழைய வால்வுப் பெட்டியின் முள்ளைச் சிற்றலை வரிசையில் மெல்லத் திருப்பித் தொலைநாட்டு நிலையங்களைத் தேடுவது அக்காலத்தில் எனக்கு ஒரு பித்து. ஒருநாள் இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் எழுந்து, குயிட்டோ என்று சொல்லி மீண்டும் அமிழ்ந்தது. நான் கேட்ட நேரத்தையும் நிகழ்ச்சியையும் குறித்து ஒரு கடிதம் எழுதினேன். பல வாரங்களுக்குப் பின்னர், என் கேள்வி மெய்யே என்று உறுதிசெய்யும் வண்ண அட்டை ஒன்று அஞ்சலில் வந்தது. எனக்குப் பொழுது விடிகிறபோது அவர்களுக்கு முந்தைய நாள் மாலை. நேற்றைய மாலையிலிருந்து இன்றைய காலைக்கு ஒரு குரல் வந்து சேர்ந்த வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

குயிட்டோ நகரம் நிலநடுக்கோட்டை ஒட்டி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா என்னும் எரிமலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. நம் உதகமண்டலத்தைவிட 600 மீட்டர் உயரம் மிகுந்த ஊர் என்று சொன்னால் விளங்கும். இந்த உயரம் நம் கதையில் பின்னர் ஒரு பெரும் தொல்லையாக வந்து நிற்கப்போகிறது. இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர். 1900ஆம் ஆண்டிலே பிறந்தவர். டிராம்போன் என்னும் குழல் வாத்தியத்தில் வல்லவர். 1922ஆம் ஆண்டில் சிகாகோ நகர மன்றத்தின் மொட்டைமாடியிலிருந்து பால் ரேடர் என்னும் போதகர் வானொலியில் பேசியபோது, உடன் வாசித்த குழலிசைக் குழுவில் ஜோன்சும் ஒருவர். மாடியில் ஊதிய இசையைத் தெருவில் செல்வோர் கேளாமல், எங்கோ தொலைவில் வீட்டுக்குள் இருந்தவர்கள் கேட்டார்கள் என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இவ்வாறு ஒரு நிலையம் அமைக்கவேண்டும் என்ற எண்ணம் கொண்டு, 1928ஆம் ஆண்டில் வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா, கியூபா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். ஒரு நாடும் உரிமம் வழங்கவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஈக்வடாரின் கிழக்குக் காட்டுப் பகுதியில் ஊழியம் செய்துவந்த ரூபன் லார்சன் என்பவரின் நட்பு அவருக்குக் கிடைத்த பிறகே வழி திறந்தது. லார்சனும் அவர் துணைவர்களும் ஈக்வடார் அரசினரை அணுகினார்கள். 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 25 ஆண்டுகளுக்கு உரிமம் கிடைத்தது. இதில் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. ஈக்வடார் மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். உரிமம் கேட்டவர்களோ அயல்நாட்டுப் புராட்டஸ்டண்டுகள். ஆயினும் 1895ஆம் ஆண்டின் தாராளவாதப் புரட்சிக்குப் பின் அந்நாட்டில் சமயமும் அரசும் படிப்படியாகப் பிரிந்து, 1906ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அந்தப் பிரிவு நிலைபெற்றுவிட்டது. அதனாலேயே இத்தகைய விண்ணப்பத்துக்கு அங்கே இடம் இருந்தது. விருந்தினராக வந்தவர்களும் வீட்டாரின் மனமறிந்து நடந்துகொண்டனர்; சமய உரைகளோடு இசை, கல்வி, பண்பாடு ஆகியவற்றுக்கும் நிகழ்ச்சிகளில் இடம் தந்தனர்.

உரிமம் கிடைத்தது, ஆனால் அறிவுரை கிடைத்த விதம் வேறு. வானொலி நுட்பம் அறிந்தவர்கள், "நிலநடுக்கோட்டை விட்டு விலகியிருங்கள், மலைகளை விட்டும் விலகியிருங்கள்" என்றார்களாம். குயிட்டோவோ நிலநடுக்கோட்டில், மலைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது! உரிமம் தந்த நாடு அது ஒன்றே ஆகையால், அவர்களுக்கு வேறு ஊரைத் தேட வழியில்லை. எச்.சி. என்பது ஈக்வடார் நாட்டுக்கு உரிய முன்னெழுத்து. அதனுடன் ஜே.பி. என்னும் எழுத்துகளைச் சேர்த்து, 'இன்று கிறிஸ்து இயேசு ஆசீர்வதிக்கிறார்' என ஸ்பானிய மொழியில் பொருள் விரியுமாறு பெயர் அமைத்துக்கொண்டார்கள்.

1931ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, முதல் ஒலிபரப்பு நடந்தது. சிகாகோவிலிருந்து கொண்டுவந்த ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 200 வாட். ஒரு மேசைமேல் அடங்கக்கூடிய சிறு பொறி. அதை ஓர் ஆட்டுக்கொட்டிலைத் துப்புரவு செய்து அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு மரக் கம்பங்களுக்கு நடுவே கட்டிய கம்பியே ஏரியல். ஜோன்ஸ் குடும்பத்தார் குடியிருந்த வீட்டின் கூடமே நிகழ்ச்சி அரங்கு. அவருடைய மனைவி காதரின் ஆர்கன் வாசித்தார். ஜோன்ஸ் டிராம்போன் ஊதினார். லார்சன் ஸ்பானிய மொழியில் பேசினார்.

கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த ஒலிபரப்பைக் கேட்கத்தக்க பெட்டிகள் அன்று நாட்டில் ஆறுதான் இருந்தன என்பது அந்நிலையத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடிய தொகை என்பதில் ஐயமில்லை.

இந்த ஆறு என்னும் எண்ணைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்வில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. கடலோரப் பகுதி ஒன்றில் நான் இளம் பொறியாளனாகப் பணியாற்றிய காலம். இரவுப் பணியின்போது, 'இந்நேரத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?' என்ற அசட்டை எனக்குள் புகுந்திருந்தது. ஒருநாள் மாலையே பார்த்து மாற்றியிருக்கவேண்டிய ஒரு வால்வைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இரவுச் செய்திக்குச் சற்று முன்னர் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. சீர்செய்வதற்குள் வானிலை அறிக்கை முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் முதியவர் ஒருவர், பல மைல் தூரம் மிதிவண்டி மிதித்து நிலையத்தின் வாயிலுக்கு வந்தார். "ராத்திரி காத்துச் சேதி வரலீங்களே, ஐயா. பசங்க கடலுக்குப் போறதா, வேண்டாமான்னு தெரியாம கரையிலேயே குந்திக்கிட்டு இருக்காங்க" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. செய்தி என்ன என்று கேட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. நான் ஒரு பெட்டியை மறந்தேன். ஓர் ஊரே கரையில் காத்திருந்தது.

ஆகவே ஆறு பெட்டிகளுக்காக ஆட்டுக்கொட்டிலில் பொறியை இயக்கியவர்களை நான் எளிதில் எள்ளி நகையாட மாட்டேன். தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்கு வறுமை மிகுதி. அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து, பொருளாதாரம் நலிந்திருந்த காலம் அது; அங்கிருந்து வரவேண்டிய உதவிப் பணம் சுருங்கிப்போயிற்று. பெட்டி வாங்க மக்களுக்கும் வசதியில்லை. இந்நிலையம் ஒன்றை மட்டுமே வாங்கக்கூடியபடி முள்ளை நிலைநிறுத்திய பெட்டிகளை ஊர்களில் கொடுத்துவைக்கும் முறையையும் அவர்கள் கையாண்டார்கள். கேட்பவரைத் தேடி நிலையமே நடந்து சென்ற காலம் என்று அதனைச் சொல்லலாம்.

1940ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று, 10 கிலோவாட் ஆற்றலுள்ள புதிய ஒலிபரப்பி தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது ஈக்வடாரின் குடியரசுத் தலைவராக இருந்த ஆந்திரேஸ் கோர்தோவாவே விழாவில் கலந்துகொண்டார். ஆட்டுக்கொட்டிலில் 200 வாட்டாக இருந்த ஆற்றல் ஐம்பது மடங்காயிற்று. இனிக் கடல் கடந்தும் குரல் கேட்கும் என்று மகிழ்ந்தார்கள். ஆனால் மலை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

குறித்த திசையில் அலைகளைக் குவித்து அனுப்புவதற்காக, அலுமினியக் குழாய்களால் ஓர் ஏரியலை உயரத்தில் நிறுவியிருந்தார்கள். இரவில் ஒலிபரப்பு நடக்கையில் அந்தக் குழாய்களின் நுனிகளில் தீப்பற்றியதுபோல ஒளி கிளம்பிற்று. சீறும் ஓசை எழுந்தது. நுனி பழுத்து, உருகிய அலுமினியம் துளித்துளியாகத் தரையில் விழுந்தது. இதைவிட விந்தை, நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட இசை அந்த நெருப்பிலிருந்தே வெளிவந்தது! பெட்டி எதுவும் இல்லாமல், அமைதியான இரவில் அக்கம்பக்கத்தார் அதனைக் கேட்கக்கூடியதாக இருந்தது. ஒலிபரப்பின் ஆற்றலுக்கு ஏற்பத் தீ ஏறியும் இறங்கியும் எரிந்து, காற்றை அதிரச் செய்ததே அதற்குக் காரணம்.

இது ஏன் நிகழ்ந்தது? காற்று மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஓர் உறை போன்றது. கடற்கரையில் அந்த உறை தடிப்பாக இருக்கிறது. குயிட்டோவின் உயரத்திலோ காற்றின் அடர்த்தி ஏறத்தாழ முக்கால் பங்குதான். உறை மெலிந்தால் மின்சாரம் எளிதில் உடைத்துக்கொண்டு வெளிப்படும். மேலும், இரு முனையும் திறந்திருக்கும் குழாயில் மின்னழுத்தம் உச்சம் அடைவது நுனியில்தான். மெலிந்த காற்றும் உச்ச அழுத்தமும் கூரிய நுனியில் ஒன்றுசேர்ந்தன, நெருப்பு பிறந்தது. நுனிகளில் செப்பு உருண்டைகளை மாட்டிப் பார்த்தார்கள். தீ சற்று அடங்கியது, நோய் நீங்கவில்லை.

அந்நிலையத்தின் பொறியாளர் கிளாரன்ஸ் மூர் என்பவர். 1942ஆம் ஆண்டில், கடற்கரைச் சிற்றூராகிய போசோர்ஹாவுக்கு அவர் ஓய்வுக்காகச் சென்றிருந்தார். செல்லும்போது ஏரியல் பற்றிய நூல்களையும் கட்டிக்கொண்டே போனார். அங்கே அவருக்குத் தோன்றிய எண்ணம், கேட்ட பின்னர் 'இவ்வளவுதானா?' என்று நம்மைச் சொல்லவைக்கும் எளிமை உடையது. தொல்லை நுனியில் என்றால், நுனியே இல்லாத ஏரியலைச் செய்தால் என்ன? கம்பியைச் சதுரமாக வளைத்து, முனையோடு முனையைச் சேர்த்துவிட்டார். சதுரத்தின் நான்கு பக்கமும் சேர்ந்து ஓர் அலைநீளம். 25 மீட்டர் அலையாயின் ஒரு பக்கம் ஆறேகால் மீட்டர். ஒரு சதுரத்துக்குப் பின்னால் மற்றொரு சதுரத்தை நிறுத்தினால், அலைகள் ஒரு திசை நோக்கிக் குவிந்து செல்லும். மின்னழுத்தம் குவிந்து நிற்கக் கூரிய முனை இல்லாமையால் தீ அணைந்தது.

'குவாடு' என்று பெயர் பெற்ற அந்த ஏரியலுக்கு மூர் 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியர் தங்கள் வீட்டு மாடிகளில் அதனைக் கட்டிக்கொண்டார்கள். மூங்கில் கழிகளில் கம்பியைச் சுற்றி நானும் என் இளமையில் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். அது குயிட்டோவின் மெல்லிய காற்றில் பிறந்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

விலகியிருங்கள் என்று சொல்லப்பட்ட நிலநடுக்கோடும் நன்மையாகவே முடிந்தது. சிற்றலைகளை அலைக்கழிக்கும் துருவ ஒளி மண்டலங்கள் வடக்கிலும் தெற்கிலும் உள்ளன. அவ்விரண்டிலிருந்தும் ஒத்த தொலைவில் நிற்கும் நிலையம், இரு திசையிலும் தெளிவாகக் குரல் அனுப்ப முடிந்தது. 1941ஆம் ஆண்டில் ரஷ்ய மொழி நிகழ்ச்சி தொடங்கியது. 1964ஆம் ஆண்டில் ஜப்பானிய மொழி சேர்ந்தது. 1950களில் நகருக்குக் கிழக்கே பீஃபோ என்னுமிடத்தில் ஒலிபரப்பிகளுக்கென விரிந்த வெளி அமைந்தது. பாப்பயாக்தா என்னும் மலைப்பகுதி ஆற்றுநீரால் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர். 1981ஆம் ஆண்டில் 500 கிலோவாட் ஒலிபரப்பி இயங்கத் தொடங்கியது. 200 வாட்டில் தொடங்கிய ஆற்றல் 50 ஆண்டுகளில் 2,500 மடங்கு பெருகிவிட்டது. 'குன்றின்மேலிட்ட விளக்கு' என்று நாம் சொல்வோமே, அது இங்கே சொல்லளவில் அன்றிச் செயலளவிலும் உண்மையாயிற்று.

உலகம் முழுவதும் குரல் சென்ற அந்நாளிலும் உள்ளூர் மறக்கப்படவில்லை என்பதே நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது. ஸ்பானிய மொழியோடு, ஆண்டிஸ் மலைக் குடிகளின் தாய்மொழியாகிய கெச்சுவாவிலும் அந்நிலையம் பேசியது. நகரத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் மதிப்பின்றி ஒதுக்கப்பட்ட மொழி அது. அம்மொழி பேசும் உழவர் ஒருவர், தம் குடிசையில் இருந்த பெட்டியிலிருந்து தம் தாய்மொழியே ஒலிக்கக் கேட்டிருப்பாரானால், அவர் உள்ளம் எப்படி நிமிர்ந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மேலும் நிலையத்தைச் சார்ந்தே 1955ஆம் ஆண்டில் குயிட்டோவில் ஒரு மருத்துவமனை எழுந்தது. மலையின் குரல் என்ற பெயரையே சுருக்கி, அதற்கும் சூட்டினார்கள்.

எழுச்சிக்குப் பின் ஒடுக்கமும் வந்தது. குயிட்டோவின் பழைய விமான நிலையம் நகருக்கு நடுவில் நெருக்கத்தில் இருந்தமையால், கிழக்கே தபாபேலா சமவெளியில் புதியதொன்று கட்ட அரசினர் முடிவு செய்தனர். பீஃபோ அதன் அருகில் இருந்தது. விமானங்கள் ஏறி இறங்கும் பாதைக்கு, வானை முட்டி நின்ற ஏரியல் கோபுரங்கள் இடையூறாயின. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளோடு பீஃபோவின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. கோபுரங்கள் இறக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. முன்னர் அலைகள் புறப்பட்ட வானத்தில் இப்போது விமானங்கள் புறப்படுகின்றன.

அச்செய்தியை அறிந்த அன்று நான் பழைய அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் கனத்தது. ஒலிபரப்பியை நிறுத்தும் பொத்தானைக் கடைசி முறையாக அழுத்தும் கையின் நடுக்கம் எத்தகையது என்பது என் போன்றோருக்குத் தெரியும். ஆயினும் சில நாட்களில் மற்றொரு செய்தியும் எனக்குத் தெரியவந்தது. நின்றது கடல் கடந்து சென்ற குரல்தான். குயிட்டோ மக்களுக்கான உள்ளூர் ஒலிபரப்பு நிற்கவில்லை, அது தொடர்ந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிலையம் தன் 90 ஆண்டுகளை நிறைவு செய்தது.

இதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. 500 கிலோவாட்டும் ஆற்றுநீர் மின்சாரமும் வந்தன, சென்றன. தொடக்கத்தில் யாருக்காக அந்தக் குரல் எழுந்ததோ, அவர்களுக்கு அருகிலேயே அது தங்கிவிட்டது. உலகுக்குப் பேசியது அந்நிலையத்தின் பெருமை; ஊருக்குப் பேசியதே அதன் உயிர். பெருமைக்கு உரிய கருவிகளைக் கழற்றி எடுத்த பின்னரும் உயிர் எஞ்சியிருந்தது.

கேட்பவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் வழக்கம் எல்லா நிலையங்களிலும் உண்டு. அது தேவையும் ஆகும். ஆனால் ஒலிபரப்பியின் முன் அமர்பவன் மனத்தில் தொகை இருத்தலாகாது, ஒரு முகம் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. குயிட்டோவின் ஆட்டுக்கொட்டிலில் பொறியை இயக்கியவர்களுக்கு ஆறு வீடுகள் இருந்தன. எனக்கு, மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்ற அந்த முதியவர் இருந்தார். அதன் பிறகு என் பணிக்காலம் முழுவதும், மாலையில் வால்வுகளைப் பார்க்காமல் நான் இரவுப் பணியைத் தொடங்கியதில்லை.